ஒலிங்கா திருப்பிக்கொண்டு வந்த விமானங்கள்

நன்வாக் ஊரில் ஒலிங்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். "யாரு, திரும்பியா?" என்பார்கள். பாதி வழியில் விமானத்தைத் திருப்பிக்கொண்டு, புறப்பட்ட பெத்தேல் நகரத்துக்கே போய்விடுகிறவள் என்பதால் வந்த பெயர். வைத்தவன் அவளுடைய மாமன் மகன் கவ்ரீலா. மாமன் மகன் கேலி பேசலாம், அவள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குஸ்கொக்விம் ஆற்றங்கரை முழுவதும் அதுதான் முறை. அவளும் சளைக்காமல் அவனுடைய மூக்கையும், அவன் ஓட்டை விழுந்த படகையும் இழுத்துப் பதிலுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஐம்பது வயது தாண்டிய பிறகு, விடியும் முன்பே எழுந்து உறைந்த இறக்கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவளுக்குக் கேலிகூடக் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

அவள் பிறந்ததும் நன்வாக்கில்தான். பெத்தேலுக்கு வேலை தேடி வந்தவள், ஒரு சின்ன விமானக் கம்பெனியில் சரக்கு ஏற்றும் ஆளாகச் சேர்ந்தாள். ஏற்றிய சரக்கு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் விமானிகளோடு தொற்றிக்கொண்டு போனாள். பிறகு ஒரு கோடையில் ஆங்கரேஜ் நகரத்துக்குப் போய் விமானி உரிமம் வாங்கி வந்தாள். கட்டிய கணவனும் பின்னாளில் அதே ஆங்கரேஜுக்குப் போனான்; அவன் திரும்பவில்லை. மகன் அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். "இங்க வந்துரும்மா, இங்க குளிர் கம்மி" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வான். அவளும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "பாக்கலாம்" என்பாள்.

அவள் ஓட்டியது ஒற்றை எஞ்சின் செஸ்னா ரக விமானம். ஏழு பேர் உட்காரலாம் என்று பெயர். பாதி இடத்தைத் தபால் மூட்டையும் முட்டை அட்டையும் குழந்தைகளின் டயாப்பர் பெட்டியும் பிடித்துக்கொள்ளும். பெரிய விமானங்களில் இறக்கை மேல் கட்டும் பனியை உதறித் தள்ளக் காற்றில் உப்பும் ரப்பர் பட்டை இருக்கும், சூடு இருக்கும். இதில் எதுவும் கிடையாது. பறக்கும்போது பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்தால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பிடிக்காத இடத்துக்குப் போய்விட வேண்டும். அதுவும் உடனே. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தவர்கள் சிலரை அவளுக்குத் தெரியும். அவர்கள் படங்கள் கம்பெனிச் சுவரில் காபி இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருந்தன.

குளிர்காலக் காலைகள் எல்லாம் ஒரே மாதிரி. இறக்கைக்குப் போர்த்திய துணியைக் கழற்ற வேண்டும். அது பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். துடைப்பத்தால் தட்ட வேண்டும். தட்டியும் போகாத உறைபனியை எடுக்க இறக்கைக்குக் குறுக்கே கயிற்றைப் போட்டு, முன்பக்கம் அவளும் பின்பக்கம் மைரனும் நின்று ரம்பம் இழுப்பது போல மாறி மாறி இழுப்பார்கள். உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு மிஞ்சினாலும் இறக்கை தூக்காது. கண்ணை நம்பாமல், கையுறையைக் கழற்றி வெறும் விரலால் தடவிப் பார்ப்பாள். விரல் நுனிகளில் எப்போதோ உணர்ச்சி மரத்துவிட்டதால் இப்போதெல்லாம் புறங்கையால் தடவுகிறாள். வலது தோள் கயிறு இழுத்தே தேய்ந்துபோனது. சீப்பால் தலை வாரும்போது கை மேலே போகாது.

மைரன்தான் கம்பெனியின் மேசையில் உட்கார்ந்து வானொலியையும் தொலைபேசியையும் கவனித்துக்கொள்கிறவன். நல்லவன், தூங்குமூஞ்சி.

"அக்கா, நன்வாக் ஊர்க்காரங்க காலையிலேர்ந்து போன் பண்ணிட்டே இருக்காங்க."

"நீ என்ன சொன்னே?"

"அக்கா வானத்தைப் பாத்துட்டு இருக்காங்கன்னேன்."

"அதுக்கு?"

"வானம் எங்க ஊர்லயும்தான் இருக்கு, இங்க வந்து பாக்கச் சொல்லுங்கறாங்க."

இப்படி ஒரு நாள் இல்லை, பல நாள். காத்திருக்கிறவர்கள் எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். பல் வலிக்காரன், கல்யாணத்துக்குப் போகிறவள், பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பிள்ளைகள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "இன்னிக்கு இல்ல" என்று சொல்ல வேண்டும். விமானம் ஓட்டுவதில் அவளுக்குக் களைப்பு வந்ததே கிடையாது. இந்த "இல்ல"தான் அவளை அரித்துத் தின்றது.

கவ்ரீலாவின் தம்பி யாக்கோவுக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவனும் அதே கம்பெனியில் விமானி. ஊர் ஊராக எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. வேறு யாரும் வராத நாளில் மேகத்தின் அடிவயிற்றை உரசிக்கொண்டு வந்து இறங்குவான். பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவான். கிழவிகள் அவனுக்கென்று உலர்ந்த சால்மன் மீன் எடுத்து வைத்திருப்பார்கள். "யாக்கோ வருவான்" என்று சொல்லிவிட்டால் நன்வாக்கில் அடுப்பில் தேநீரை ஏற்றிவிடுவார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, டிசம்பரில் ஒரு நாள், ஒலிங்கா கடற்கரைப் பக்கம் போய்ப் பாதியில் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே யாக்கோ போய்க்கொண்டிருந்தான். இருவரும் வானொலியில் பேசினார்கள்.

"யாக்கோ, ஆத்து வளைவு தாண்டினதும் தூறல். விழுந்த இடத்துலயே கட்டியாவுது. நான் திரும்பிட்டேன்."

"நீ எப்போ திரும்பாம இருந்தே?" சிரித்தான். "எனக்குத் தபால் மட்டுந்தான், லேசா இருக்கேன். போய்ப் பாத்துட்டு வரேன்."

"பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல மச்சான்."

"இருந்தா உனக்கும் சொல்றேன், போ."

பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பனிச்சமவெளியில் நொறுங்கிய விமானத்தையும் அவன் உடலையும் கண்டெடுத்தார்கள். சவப்பெட்டியை நன்வாக்குக்குக் கொண்டுபோனது ஒலிங்காதான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஏற்றினாள். அன்றைக்கு வானம் கண்ணாடி போல இருந்தது. ஆற்றோரத்து ஊர்கள் எல்லாம் திரண்டு வந்திருந்தன. பாதிரியார் முதல் பால்குடி மறந்த பிள்ளை வரை ஒரே பேச்சு: "யாருக்காக இருந்தாலும் வந்துருவான்." கவ்ரீலா பெட்டியை இறக்கக் கை கொடுத்தான். அவளைப் பார்த்து, கேலியாக இல்லாமல், "இன்னிக்கு மட்டும் வந்து சேந்துட்டே" என்றான்.

அவள் அழவில்லை. அவளுக்கு யாக்கோ மேல் கோபம். எல்லோரும் அழுகிற ஒருவன் மேல் கோபமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு மறுவாரம் மறுபடி கயிறு இழுக்கப் போனாள்.

இந்த ஜனவரியில், பழைய திருச்சபை நாட்காட்டிப்படி அங்கே அந்த மாதத்தில்தான் வரும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில், கவ்ரீலா பெத்தேலுக்கு வந்து சேர்ந்தான். அவன் மகள் மார்ஃபா பிரசவத்துக்காக ஒரு மாதம் முன்பே வந்து தங்கியிருந்து, ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அழைத்துப்போக வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி ஒரு வாரம் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். பேரன் பிறந்த வீடு என்பதால் இந்த வருஷம் முதலில் கவ்ரீலா வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. பாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க அவன் ஆரஞ்சுப் பழமும் சோடாவும் மிட்டாயும் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து காற்று வந்தது. பேரிங் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வரும் காற்று. குளிர் சட்டென்று குறைந்தது. ஊரார் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நடந்தார்கள். ஒலிங்கா தார்த்தளத்தில் நின்று, தன் சட்டைக் கையில் விழுந்த தூறல் துளி ஓடாமல் அங்கேயே கண்ணாடி மணியாக உறைவதைப் பார்த்தாள். உள்ளே வந்து "இன்னிக்கு இல்ல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

காத்திருக்கும் அறை பெஞ்சில் கவ்ரீலா கால் நீட்டிப் படுத்திருந்தான். "மைரன், இவளுக்குச் சம்பளம் பறக்கறதுக்கா, பறக்காம இருக்கறதுக்கா?"

"உன் மூக்கை வெளிய வெச்சுட்டு வா மச்சான்" என்றாள் ஒலிங்கா. "அதுல எவ்வளவு கட்டி பிடிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் விமானத்தை எடுக்கறேன்."

மார்ஃபா சிரித்துவிட்டாள். குழந்தையைத் தன் உரோமக் கோட்டுக்குள் மார்போடு வைத்திருந்தாள். "சித்தி, இவனைப் பாத்தீங்களா? பேரு வெச்சாச்சு."

"என்ன பேரு?"

"யாக்கோ."

இறந்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைத்தால், இறந்தவரே வந்துவிட்டார் என்றுதான் அங்கே எல்லோரும் பழகுவார்கள். மார்ஃபாவே சொன்னாள்: "எனக்கு இவன் சித்தப்பா. நாளைக்கு குறும்பு பண்ணினா அடிக்கக்கூட முடியாது." அப்படியென்றால் ஒலிங்காவுக்கு இவன் மச்சான். அவள்தான் முதலில் கேலி பேச வேண்டும், அதுதான் மரியாதை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் குனிந்து சிவந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். "முடி கொட்டிப் போச்சே மச்சான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இறக்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் மேகம் மேலே ஏறியது. தூறல் நின்றது. நன்வாக்கில் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்கிறவன் தொலைபேசியில், கடல் பக்கத்துக் குன்று தெரிகிறது என்றான். வானிலை அறிக்கையும் மோசமாக இல்லை. ஒலிங்கா நெடுநேரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு கவ்ரீலாவிடம் வந்தாள்.

"போலாம். ஆனா வழியில கட்டி பிடிச்சா திரும்பிருவேன். அங்க வெச்சு வாக்குவாதம் கூடாது."

"உன்கிட்ட வாக்குவாதம் பண்ணி ஜெயிச்சவன் எவன்?"

அவன் முன்னால் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். மார்ஃபாவும் குழந்தையும் பின்னால். அதற்கும் பின்னால் ஆரஞ்சுப் பெட்டிகள்.

முதல் பாதி சுகமாகப் போயிற்று. கீழே உறைந்த ஆறும் உறைந்த குட்டைகளும் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தன. குழந்தை தூங்கியது. கவ்ரீலாகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். ஆற்று வளைவு தாண்டியதும் மேகம் மெல்லத் தாழ்ந்தது. ஒலிங்கா இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பார்த்தாள். அதன் முன்விளிம்பு ஈரமாக மின்னியது. அடுத்த தடவை பார்த்தபோது மின்னவில்லை. பால் நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது.

அவள் அப்போதே திருப்பினாள். இறக்கையை அதிகம் சாய்க்காமல், பெரிய வட்டமாக, மெதுவாக.

"என்னடி பண்றே?" காதுக்கருவியில் கவ்ரீலாவின் குரல் இரைந்தது. "ஆத்து வாய் தெரியுது பாரு! இதோ வந்துருச்சு ஊரு!"

அவள் வானொலியை எடுத்தாள். மைரனைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வராதீங்க" என்றான் மைரன். அவன் குரலில் தூக்கம் இல்லை. "இங்க மழை கொட்டுது. கொட்டறது எல்லாம் கட்டியாவுது. ஓடுபாதை கண்ணாடி மாதிரி கிடக்கு, பக்கத்து கட்டடம்கூடத் தெரியல."

முன்னால் மூடிவிட்டது. பின்னாலும் மூடிவிட்டது. முன்கண்ணாடி ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. சூடான காற்றை முழுக்கத் திறந்துவிட்டும், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கண்ணாடி தெளிவாக இருந்தது. எஞ்சினை முழுக்க முறுக்கியும் வேகமுள் மெல்ல இறங்கியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏரியல் கம்பி கட்டை விரல் தடிமனுக்குப் பனி போர்த்திக்கொண்டு ஆட, அந்த நடுக்கம் இருக்கை வரைக்கும் வந்தது. முன்னால் சுழலும் விசிறியில் ஒரு பக்கத்துக் கட்டி பிய்ந்து விமானத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்த மாதிரி மோதியது. மார்ஃபா வீறிட்டாள். குழந்தை விழித்து அழுதது.

இடது பக்கம், வடக்கே, வானத்தின் அடியில் மட்டும் ஒரு வெளிர் மஞ்சள் பட்டை தெரிந்தது. அந்தப் பக்கம் துலிக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குட்டையான ஒரு ஓடுபாதை. அவள் அந்த மஞ்சளை நோக்கிப் போனாள். உயரத்தைப் பிடித்துவைக்க விமானத்தின் மூக்கைத் தூக்கச் சொல்லிக் கை கெஞ்சியது. தூக்கினால் வேகம் சாகும், வேகம் செத்தால் இறக்கை கைவிடும். கையை அடக்கினாள். உயரம் போனால் போகட்டும் என்று விட்டாள். பக்கத்துச் சின்ன சன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிப் பார்த்தாள். குளிர் கண்ணில் ஊசியாகக் குத்தியது.

"மச்சான், உன் பக்கம் ஓடுபாதை விளக்கு தெரியுதா பாரு."

கவ்ரீலா இப்போது கத்தவில்லை. "தெரியுது. கொஞ்சம் வலது பக்கம்."

வழக்கமாக இறங்குவதற்கு இறக்கையின் பின்மடிப்புகளைத் தாழ்த்தி வேகத்தைக் குறைப்பார்கள். அவள் அதைத் தொடவே இல்லை. வாலில் எவ்வளவு பனி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மடிப்பைத் தாழ்த்தினால் வால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பறந்து வந்த வேகத்தோடேயே தரையைத் தொட்டாள். விமானம் ஒரு தரம் எகிறிக் குதித்துச் சறுக்கிக்கொண்டே போய், பாதை முடிந்து, அதற்கு அப்பால் குவிந்திருந்த பனிமேட்டில் முன்சக்கரத்தைச் செருகிக்கொண்டு நின்றது. அவள் எஞ்சினை அணைத்தாள். குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. கைப்பிடியிலிருந்து விரல்களை அவளால் பிரிக்க முடியவில்லை. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

கவ்ரீலா இறங்கி விமானத்தைச் சுற்றி வந்தான். வாலருகே நின்று, அங்கே ஒட்டியிருந்த கட்டியில் தன் கையை வைத்து அளந்து பார்த்தான். கையின் தடிமனுக்கு இருந்தது. கால் முட்டியால் இடித்தான். ஒரு துண்டு உடைந்து விழுந்தது.

"நன்வாக்குக்குப் போயிருந்தாலும் இதே மாதிரிதான் இறங்கியிருப்பே" என்றான்.

"இருக்கலாம்" என்றாள் ஒலிங்கா.

துலிக்கில் பரஸ்கேவா என்பவள் பனிவண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு வந்தாள். யார், எவர் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்ததும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடமான் இறைச்சி சூப் கொடுத்தாள். மார்ஃபாவுக்கு நீராவிக் குளியல் அறையில் நெருப்பு மூட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது தொலைபேசியில் வீட்டுக்குப் பேசிவிட்டு வந்த கவ்ரீலா சொன்னான்:

"வேற கம்பெனி விமானம் ஒண்ணு நன்வாக்ல இறங்கியிருக்கு. நாம திரும்பினோம் பாரு, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு. கடற்கரை ஓரமாவே வந்தானாம். ஒரு பொட்டு பனி இல்லையாம் இறக்கையில."

சூப் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒலிங்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. உடம்பு முழுவதும் மணல் நிரப்பிய மாதிரி இருந்தது. திரும்பி வந்த எந்தப் பயணத்துக்கும் சாட்சி கிடையாது. போயிருந்தால் செத்திருப்போம் என்று எவராலும் காட்ட முடியாது. போய்ச் சேர்ந்தவன் மட்டும் கண்ணெதிரே வந்து நிற்கிறான், கொண்டுவந்த சரக்கோடு. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை தேவையில்லாமல் திரும்பினாளோ, எத்தனை தடவை திரும்பியதால் உயிர் பிழைத்தாளோ, அவளுக்கே தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

"நல்லது" என்றாள். "அவன் பத்திரமா எறங்கினானே."

கவ்ரீலா வேறு பதிலை எதிர்பார்த்தவன் போல நின்றான். பிறகு விறகு எடுத்துவரப் போனான்.

மார்ஃபா குளிக்கப் போகும்போது பிள்ளையை ஒலிங்கா மடியில் வைத்துவிட்டுப் போனாள். பரஸ்கேவா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளை கண்ணைத் திறந்து, எதையும் பார்க்காத பார்வையால் அவளைப் பார்த்தது.

"எதுக்குடா போனே?" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல. ரேடியோவுல தொண்டை கிழியச் சொன்னேன். சிரிச்சே. தபாலுக்காகவாடா? யாரோ போட்ட விளம்பரக் காயிதத்துக்காக? எல்லாரும் உன்னை நெனச்சு அழறாங்க, என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. உன் பெட்டியையும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். உங்கண்ணன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா?" மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். "நீ திரும்பியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும், மடையா? அடுத்த நாள் போயிருக்கலாமே. அடுத்த நாள் வானம் எப்படி இருந்துச்சு பாத்தியா?"

வாசலில் விறகுக் கட்டையோடு கவ்ரீலா நின்றிருந்தான். எப்போது வந்தானோ. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் விறகை அடுப்பருகே அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினான். பிறகு வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் காலை விரலால் தொட்டான்.

"அவனுக்கு எப்பவும் அவசரம்" என்றான். "பொறக்கும்போதே அவசரம். எங்கம்மா மீன் அறுத்துட்டு இருந்தா, கத்தியக் கீழ வெக்கறதுக்குள்ள வந்துட்டான்."

ஒலிங்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது.

"நானும் கோவிச்சுட்டுத்தான் இருக்கேன் அவன்கிட்ட" என்றான் கவ்ரீலா. "யாருகிட்டயும் சொன்னதில்ல."

பிள்ளை கொட்டாவி விட்டது. சாயங்காலம் துலிக் ஊர்ப் பாட்டுக்காரர்கள் நட்சத்திரத்தோடு அந்த வீட்டுக்கு வந்தார்கள். வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய நட்சத்திரம் வாசற்படியில் இடிக்காமல் நுழைய இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கவ்ரீலாவின் கனத்த குரல் அந்த ஊருக்கும் தெரிந்திருந்தது. அவனை நடுவில் நிறுத்திப் பாடவைத்தார்கள். அவன் வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள் எல்லாம் அங்கேயே தீர்ந்துபோயின.

மறுநாள் காற்று வடக்குக்குத் திரும்பியது. குளிர் வந்தது, வானம் வெளுத்தது. துலிக் ஆட்கள் துடைப்பமும் கயிறும் மரச்சுத்தியலுமாக வந்து விமானத்தைப் பனிமேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளி, இறக்கையைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒலிங்கா முன்சக்கரத்தையும் விசிறியையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தோள் வலியில் கயிறு இழுக்க முடியாமல் நின்றவளைப் பார்த்து, கவ்ரீலா கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீ தடவிப் பாரு, நான் இழுக்கறேன்" என்றான். அவள் சரியில்லை என்று சொன்ன இடத்தை எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மறுபடி இழுத்தான்.

நன்வாக்கில் இறங்கியபோது ஊரே திரண்டிருந்தது. கூட்டம் மார்ஃபாவையும் பிள்ளையையும் சூழ்ந்துகொண்டது. யாரோ ஒரு கிழவர் பிள்ளையைப் பார்த்து "வந்துட்டியா யாக்கோ" என்று விசும்பினார். ஒலிங்காவை யாரும் கவனிக்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. கவ்ரீலா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், கொழுப்பும் காட்டுப்பழமும் பிசைந்த கிண்ணம் கையில் இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பாட்டு அவளைச் சுற்றி நடந்தது. ஒரு பெண் எழுப்பப் போனபோது கவ்ரீலா தடுத்துவிட்டான் என்று பிறகு மார்ஃபா சொன்னாள்.

அதற்காக அவன் மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் அவள் மறுபடி ஒரு தடவை திரும்பிப் போனபோது, ஊர் முழுக்கக் கேட்கும் வானொலியில் "திரும்பிக்கு வழி மறந்துபோச்சு, யாராவது விளக்கு காட்டுங்க" என்று அறிவித்தான்.

மார்ச்சில் தோளுக்கு ஆங்கரேஜில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். குணமாயிற்று, ஆனால் முழுதாக இல்லை. கம்பெனி முதலாளி பிரெக்கே அவளைக் கூப்பிட்டு, மைரன் மீன்பிடிக்கப் போகிறானாம், மேசையை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். மகன் ஆங்கரேஜிலேயே இருந்துவிடச் சொன்னான். அவள் மேசைக்கு வந்தாள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும், இனி இறக்கை தடவ வேண்டாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. உறைதூறல் காலம் வந்த பிறகுதான் புரிந்தது. முன்பு அவள் தன் விமானத்துக்கு மட்டும் "இல்ல" சொன்னாள். இப்போது எல்லா விமானத்துக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாக வந்த விமானிகள் சன்னல் வழியே வானத்தைக் காட்டி "போய்ப் பாத்துட்டு வரேனே" என்று கெஞ்சுவார்கள். அவள் தலையை ஆட்டுவாள். சிலர் அவள் காதுபடவே திட்டிக்கொண்டு காபி எடுக்கப் போவார்கள். போகட்டும். காபி குடிக்கிறவன் மேல் கோபம் எதற்கு?

நவம்பரில் ஒரு நாள் நன்வாக்கிலிருந்து தொலைபேசி வந்தது.

"என்ன, இன்னிக்காவது விமானம் வருதா?" கவ்ரீலா.

"இல்ல."

"இங்க நல்லாத்தான் இருக்கு."

"இங்க நல்லா இல்ல."

பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்றான் கவ்ரீலா. "அவசரம் ஒண்ணும் இல்ல. மாவு இன்னும் இருக்கு."

அவள் "சரி" என்று வைத்துவிட்டு, வரிசையாக விளக்கு மின்னிக்கொண்டிருந்த அடுத்த அழைப்பை எடுத்தாள்.